"இன்றிலிருந்து நீங்கள்தான் தரவுப் பாதுகாப்பு அலுவலர்" என்று வாயால் சொன்னால் போதுமா?

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளையோ அலுவலகத்தையோ காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பட்டதாரி நியமனத்தில் வந்தவர். அஸ்வெசும (அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவு), முதியோர் கொடுப்பனவு, சிறுநீரக நோயாளர் கொடுப்பனவு, வெள்ள நிவாரணம் என்று எல்லாப் பட்டியலும் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகின்றன. அண்மையில் ஒரு கூட்டம் முடிகிற நேரத்தில் மேலதிகாரி, "புதுச் சட்டம் ஒன்று வந்திருக்காம், இன்றிலிருந்து நீங்கள்தான் டேட்டா ப்ரொடெக்‌ஷன் ஒஃபிஸர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கடிதம் இல்லை, பயிற்சி இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாள்கூட இல்லை. அலுவலகத்தில் ஒரு கணினியை மூன்று பேர் பாவிக்கிறார்கள். அதன் பாஸ்வேர்ட் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. அலுவலக மின்னஞ்சல் வேலை செய்யாத நாட்களில் எல்லோரும் சொந்த ஜிமெயிலில்தான் ஆவணம் அனுப்புகிறார்கள்.

இப்படியிருக்க, பயனாளிகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், போன் நம்பர் நான்கும் உள்ள எக்செல் பட்டியல் ஒன்று, கிராமச் சங்க ஆட்களும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் போடப்பட்டிருக்கிறது. போட்டவர் இவர் இல்லை. பிறகு ஒரு கிராமத்து அம்மாவுக்கு "அஸ்வெசும காசு நிலுவை இருக்கு, போனுக்கு வாற நம்பரைச் சொல்லுங்க" என்று அழைப்பு வந்து, அவரும் நம்பிச் சொல்லி, கணக்கில் இருந்த காசு போய்விட்டது.

"ஒரு கோடி ரூபா தண்டம் என்கிறார்கள், அதை என்னிடமா அறவிடுவார்கள் சேர்? இந்தப் பொறுப்பை மறுக்கலாமா? பழைய படிவங்களையும் அடையாள அட்டைக் கொப்பிகளையும் எரித்துவிட்டால் பிரச்சினை தீருமா? சட்டம் இன்னும் வரவே இல்லை, பயப்படாதே என்று ஒருவர் சொல்கிறார். இனி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) விண்ணப்பங்களை நிராகரிக்கலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். எதை நம்புவது?"

அன்புச் சகோதரி,

முதலில் அந்த ஒரு கோடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு கோடி ரூபா வரையான தண்டம் இருப்பது உண்மை. ஆனால் அது தரவை எதற்காக, எப்படிச் சேகரிப்பது என்று தீர்மானிக்கும் நிறுவனத்துக்கும், அதன் சார்பில் தரவைக் கையாளும் நிறுவனத்துக்கும் உரியது. படிவத்தைத் தட்டச்சுச் செய்கிற உத்தியோகத்தரை அந்த ஏற்பாடு குறிவைக்கவில்லை. அதுவும் எடுத்த எடுப்பில் தண்டம் விழாது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை விசாரித்து, இன்னதைச் செய்யுங்கள் என்று பணிப்புரை கொடுத்து, அதற்கும் நிறுவனம் இணங்காவிட்டால்தான் தண்டம் என்கிற கட்டம் வரும். அப்போதுகூட பாதிப்பைக் குறைக்க நிறுவனம் என்ன செய்தது, எவ்வளவு ஒத்துழைத்தது என்பதெல்லாம் பார்க்கப்படும்.

அதற்காக உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஏதாவது நடந்தால் "அவர்தானே பொறுப்பு" என்று உள்ளக விசாரணையில் விரல் உங்கள் பக்கம் திரும்பலாம். அது அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின்படி வருகிற ஒழுக்காற்று விடயம். அதிலிருந்து உங்களைக் காப்பாற்றப் போவது கோவையில் இருக்கும் தாள் மட்டும்தான். இப்போது உங்கள் கையில் ஒரு தாளும் இல்லை, நீங்கள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

சட்டம் வந்துவிட்டதா, வரவில்லையா

உங்கள் சக ஊழியர் சொன்னது பாதி சரி. சட்டம் 2022 மார்ச் 19 அன்று சான்றுப்படுத்தப்பட்டது. அந்த மாதம் நாட்டில் டீசல் வரிசையும் மின்வெட்டும் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அரசாங்கத்திடம் எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கவே டொலர் இல்லாத நேரத்தில் பிறந்த சட்டம் இது, ஆள் எடுப்பதற்கும் கணினி வாங்குவதற்கும் யார் காசு ஒதுக்குவார்கள்? அதிகாரசபையை அமைக்கும் பகுதியே 2023 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்களின் கடமைகளையும் மக்களின் உரிமைகளையும் சொல்லும் பிரதான பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் அமுலுக்கு வரும் என்று அறிவித்திருந்தார்கள். அந்தத் திகதி நெருங்கியபோது அதையும் ஒத்திவைத்தார்கள். பிறகு அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது. ஆகவே எந்தப் பிரிவு இன்று உயிரோடு இருக்கிறது என்பதை வர்த்தமானியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2022 பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது வகுப்பெடுத்தால் திருத்தத்தையும் சேர்த்துப் படித்தீர்களா என்று கேளுங்கள்.

ஆனால் "அப்படியென்றால் அதுவரை ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று நினைப்பது பெரிய தவறு. ஒத்திவைத்தது ஆயத்தப்படுத்துவதற்காகக் கிடைத்த அவகாசம். அந்த அவகாசத்தில் உங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரே ஆயத்தம், ஒரு கூட்டத்தின் கடைசி நிமிடத்தில் உங்கள் பெயரைச் சொன்னது மட்டும்தான் என்று படிக்கும்போது மனம் பொறுக்கவில்லை. இந்தச் சட்டம் ஒருபுறம் இருக்க, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் ஏற்கெனவே அமுலில் இருக்கிறது. அதிகாரமில்லாமல் கணினிக்குள் நுழைவதும், சட்டவிரோதமாக எடுத்த தரவைக் கையாள்வதும் இன்றைக்கே குற்றம். அந்த அம்மாவை ஏமாற்றியவர்களுக்கு எதிராக முறையிட எந்தப் புது வர்த்தமானிக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

காசில்லாமல் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொழும்பிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை, ஏனென்றால் காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது. பாவனையில் இருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதைப் புதுப்பிக்கத் திட்டமிட்டும் நிதித் தட்டுப்பாட்டாலும் முந்தைய சில பணிப்பாளர் சபைத் தீர்மானங்களாலும் தள்ளிப்போனதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே ஒத்துக்கொண்டது. அமைச்சரவை அலுவலகத்தின் அஞ்சலுக்கே அந்த நிலை என்றால், ஒரு கணினிக்கு மூன்று பேர் அடிபடுகிற உங்கள் கந்தோரை மட்டும் குறைசொல்லி என்ன பயன்?

பொறுப்பை மறுக்கலாமா

நேரடியாக மறுக்காதீர்கள். "முடியாது" என்று வாயால் சொன்னால் அது கட்டளைக்குப் பணியாத கதையாகத் திரும்பும். பேசாமல் தலையாட்டவும் வேண்டாம், அது இன்னும் ஆபத்து. பெயர் உங்களுடையது, அதிகாரம் யாருடையதோ என்று ஆகிவிடும். நடுவில் ஒரு வழி இருக்கிறது, எழுத்தில் கேட்பது.

2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் பாருங்கள். தரவுப் பாதுகாப்பு அலுவலர் என்பவருக்கு அதற்கேற்ற கல்வி, தொழில் தகைமையும் இந்த விடயத்தில் அறிவும் திறனும் இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்வது, ஊழியர்களைப் பயிற்றுவிக்க உதவுவது, அதிகாரசபையின் பணிப்புரைகளுக்கு ஒத்துழைப்பது எல்லாம் அவருடைய வேலை. கடமைப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லாமல், காரியாலயத்தில் கடைசியாக வந்தவரின் தலையில் வைக்கிற பதவி இது இல்லை. அதே பிரிவில் இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. பல அரச நிறுவனங்களுக்குச் சேர்த்து ஒரே அலுவலரை நியமிக்கலாம். நம்முடைய மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. வெருகலிலும் பதவிசிறிபுரவிலும் தனித்தனியாக ஒருவரைப் பிடித்துப் பெயர் சூட்டுவதைவிட, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) தகுதியான ஒருவரை முழுநேரமாக வைத்து, அவருக்கு வாகனமும் பயிற்சியும் கொடுத்து, ஒவ்வொரு செயலகத்திலும் உங்களைப் போன்ற ஒருவரை அவருக்குத் தொடர்பாளராக வைத்தால் வேலை நடக்கும். உங்கள் கடிதத்தில் இதை ஒரு யோசனையாகவே எழுதுங்கள். குறைசொல்லும் கடிதத்தைவிட யோசனை சொல்லும் கடிதத்துக்குத்தான் மேலதிகாரி பதில் எழுதுவார்.

கடிதம் இப்படி இருக்கலாம்: "இன்ன திகதிய கூட்டத்தில் தரவுப் பாதுகாப்புத் தொடர்பான கடமையை என்னிடம் ஒப்படைப்பதாகத் தெரிவித்தீர்கள். இக்கடமையைச் சரிவர ஆற்றுவதற்கு எழுத்துமூல நியமனமும், கடமைகளின் எல்லையும், உரிய பயிற்சியும் தேவை என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன். அதுவரை அலுவலகத்தில் உடனடியாகத் திருத்தக்கூடியவை எனப் பின்வருவனவற்றை முன்மொழிகிறேன்." இவ்வளவுதான். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. உள்வரும் கடிதப் பதிவேட்டில் பதிந்து, திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள்.

இதற்காக இடமாற்றம் வந்தால்? வரலாம், நம் கந்தோர்களில் நடக்காத விடயமா? வந்தால் முதலில் இடமாற்ற மேன்முறையீடு. பழிவாங்கல் என்று தெளிவாகத் தெரிந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் காலம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. பார்ப்போம் பார்ப்போம் என்று இரண்டு மாதம் கழித்து வழக்கறிஞரிடம் வருகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் அப்படி வராதீர்கள்.

எரிக்க வேண்டாம்

தயவுசெய்து ஒரு தாளையும் எரிக்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அரச ஆவணத்தை நினைத்தபடி அழிக்க முடியாது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க தேசிய சுவடிகள் சட்டம் இருக்கிறது, அழிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அது வந்த பிறகு உருவாக்கப்பட்ட பதிவேடுகளைக் குறைந்தது 12 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. இப்போது எரித்தால், அந்த அம்மாவின் விடயத்தில் சாட்சியத்தை அழித்ததாகவும் பேச்சு வரும்.

பழைய கோவைகளைப் பூட்டுள்ள அலுமாரியில் வையுங்கள். திறப்பு யாரிடம், யார் எப்போது எடுத்தார்கள் என்று ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதுங்கள். உங்கள் சொந்த போனிலும் ஜிமெயிலிலும் கிடக்கும் பிரதிகள் வேறு கதை. அவை அலுவலகத்தில் இருக்கின்றனவா என்று உறுதிசெய்து, மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவித்த பிறகு அவற்றை நீக்கலாம். அதுவரை கை வைக்காதீர்கள்.

அந்தப் பட்டியலும் அந்த அம்மாவும்

இரண்டு விடயங்களைப் பிரித்துப் பாருங்கள். அஸ்வெசும பெயர்ப்பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பது அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே நடந்தது, ஆட்சேபனை சொல்ல மக்களுக்குப் பெயர் தெரிய வேண்டும். அதனால் பெயர் வெளியில் வந்தாலே சட்டமீறல் என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஆட்சேபனைக்குக் கணக்கு இலக்கம் எதற்கு? போன் நம்பர் எதற்கு? அந்த இரண்டு நிரல்களையும் அழித்துவிட்டு அனுப்பியிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. அதற்குக் கோடிக்கணக்கில் காசு தேவையில்லை, அரை நிமிடம் போதும்.

சிறுநீரக நோயாளர் பட்டியல் இதைவிடப் பாரதூரமானது. உடல்நலத் தகவலை இந்தச் சட்டம் விசேட வகைத் தரவாக எடுக்கிறது. இனம், மதம், அரசியல் கருத்து, கைரேகை போன்ற உடலடையாளம், பிள்ளைகளின் விபரம் எல்லாம் அதே வகைதான். கோமரங்கடவலவில் ஒரு தகப்பனுக்குச் சிறுநீரக வருத்தம் என்பது ஊர் வட்ஸ்அப்பில் போனால் அந்த வீட்டுப் பிள்ளையின் கலியாணப் பேச்சு வரைக்கும் அது போகும். நம் பக்கத்தில் பட்டியல் என்பதற்கே ஒரு தனிப் பாரம் இருக்கிறது. காணாமல் போனவர்களின் குடும்பங்கள், பெண் தலைமைக் குடும்பங்கள், தடுப்பிலிருந்து வந்தவர்கள், சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் என்று எத்தனை பட்டியல்களில் எத்தனை தடவை இந்தச் சனம் பெயர் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏதோ கிடைக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையைப் பாதுகாப்பதுதான் இந்த வேலை, அதை உங்கள் மேலதிகாரி உணர்ந்தாரென்றால் கூட்டத்தின் கடைசி நிமிடத்துக்கு இதைத் தள்ளியிருக்கமாட்டார்.

அப்புறம், அந்த அழைப்பு உங்கள் பட்டியலால்தான் வந்தது என்று நீங்களாகவே முடிவுகட்டியிருக்கிறீர்கள். அதற்கு உங்கள் கடிதத்தில் ஆதாரம் இல்லை. மோசடிக்காரர் கண்ட நம்பருக்கும் அடித்துப் பார்ப்பார்கள். ஆனால் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது, அதனால் மறைக்காமல் அறிக்கை எழுதுங்கள். எந்தத் திகதி, எந்தக் குழு, எந்தெந்த நிரல்கள், யார் அனுப்பச் சொன்னது, குழுவில் எத்தனை பேர், இவ்வளவும் நடந்தபடி. யாரையும் குற்றம்சாட்டும் சொல் வேண்டாம். குழுவின் திரைப்பிடிப்பை எடுத்து இணைத்த பிறகு, அந்தக் கோப்பை நீக்கச் சொல்லி நிர்வாகியிடம் கேளுங்கள். தரவிறக்கியவர்களின் போனில் அது இருக்கும்தான், அவர்களிடமும் அழிக்கச் சொல்லிக் குழுவிலேயே ஒரு செய்தி போடச் சொல்லுங்கள்.

காசில்லாமல் முடிவதும் காசிருந்தால்தான் முடிவதும்

உங்கள் கடிதத்தோடு இணைக்க ஒரு தாள் தயாரியுங்கள், நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் நாளைக்கே செய்யக்கூடியவை. ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டைக் கிழித்துவிட்டு மூன்று பேருக்கும் தனித்தனிக் கணக்கு. ஏற்கெனவே கோவையில் இருந்தால் திரும்பவும் அடையாள அட்டைக் கொப்பி கேட்காமல் விடுவது. கணக்கு இலக்கம் உள்ள எதுவும் வட்ஸ்அப்பில் போகாது என்று மேலதிகாரி கையெழுத்திட்ட உள்ளகச் சுற்றுநிருபம் ஒன்று. எந்தெந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம் என்று ஒரு அட்டவணை, பின்னால் சட்டம் முழுமையாக அமுலுக்கு வரும்போது முதலில் கேட்கப் போவதே இதைத்தான்.

வலது பக்கம் பணம் வேண்டியவை. இன்னும் இரண்டு கணினி, வேறிடத்தில் வைக்கும் காப்புப் பிரதி, தடையில்லாமல் வேலை செய்யும் அலுவலக மின்னஞ்சல், தமிழில் பயிற்சி. கடைசியானதை அழுத்தி எழுதுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் ஒரு பயிற்சி நடத்திவிட்டு, கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள உத்தியோகத்தருக்கு விளங்கிவிட்டது என்று கணக்கு முடிக்கக்கூடாது. இந்த வலது பக்கத்தை அடுத்த ஆண்டு வரவு செலவு மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லிக் கணக்காளருக்கும் ஒரு பிரதி போடுங்கள். அவர் "ஒதுக்கீடு இல்லை" என்று எழுத்தில் பதில் தந்தால் அதையும் கோவையில் வையுங்கள்.

ஆர்.டி.ஐ. பற்றிச் சொன்னது தவறு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் ஒருவரின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் விதிவிலக்கு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, பொதுநலன் அதைவிடப் பெரிதாக இருந்தால் அதையும் தாண்டித் தகவல் கொடுக்கலாம். வீதி ஒப்பந்தத்தின் பெறுமதியையும் செலவுக் கணக்கையும் "தரவுப் பாதுகாப்பு" என்று சொல்லி மறைக்க முடியாது. இன்னொன்று, ஆயத்தம் எந்தளவில் இருக்கிறது என்று அறிய ஆர்.டி.ஐ.யே நல்ல கருவி. எந்தப் பிரஜையும் மாவட்டச் செயலகத்திடமோ அமைச்சிடமோ கேட்கலாம்: தரவுப் பாதுகாப்புக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், அலுவலர் நியமனக் கடிதம் எங்கே? காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் தர வேண்டும். நீங்கள் கேட்டால் அலுவலகத்தில் சங்கடம் வரும், உங்கள் தொழிற்சங்கத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவை இந்த வாரமே வங்கிக் கிளைக்குக் கூட்டிப்போக யாரையாவது ஒழுங்குசெய்யுங்கள், எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்க வேண்டும். பிறகு பொலிஸில் முறைப்பாடு, தமிழில் வாக்குமூலம் எழுதக் கேட்கலாம், எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. அழைப்பு வந்த நம்பரும் நேரமும் போனில் இருந்தால் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போகலாம். வங்கியும் பொலிஸும் கொடுக்கிற இரண்டு பிரதிகளையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், அவையில்லாமல் போனால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.